செய்தி வராத நேரத்தில் என்ன நடக்கிறது? எங்களுக்காகக் கணினிகள் எடுக்கும் 'டிபோல்ட்' முடிவுகள்

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு சிக்கல் நன்றாகத் தெரியும். "ஊரடங்குச் சட்டம் மேலும் இரண்டு மணித்தியாலங்களுக்கு நீடிக்கப்பட்டுள்ளது" என்று அறிவிப்பு வரும். ஊரடங்கு எப்போது தொடங்கியது, எந்தப் பிரதேசங்களுக்கு, முன்னர் எத்தனை மணிவரை என்றிருந்தது என்பவையெல்லாம் தாமதமாக வானொலியைத் திறந்தவருக்குத் தெரியாது. மாற்றம் மட்டும் அவரை வந்தடைந்தது, நிலவரம் வந்தடையவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. வானொலி மௌனமாக இருந்தால், வெளியில் எதுவும் நடக்கவில்லையா, அல்லது அலைவரிசை அறுந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. இரண்டும் காதுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இன்று எமது கையடக்கத் தொலைபேசிக்கு வரும் அறிவித்தல்களுக்குப் பின்னாலும் இதே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. வங்கிக் கணக்கில் பணம் வந்ததாகச் சொல்லும் குறுஞ்செய்தி, நாணய மாற்று விகிதத்தைக் காட்டும் செயலி, வெள்ள எச்சரிக்கை, மருத்துவமனையின் வரிசை எண் பலகை போன்றவை பெரும்பாலும் "மாற்றம் ஏற்பட்டால் எனக்குச் சொல்" என்ற ஒரு கட்டளையின் மீதே நிற்கின்றன. அந்தக் கட்டளையை எழுதியவர் எதையும் விசேடமாகத் தெரிவு செய்யாதபோது அது எப்படி நடந்துகொள்ளும்? அதைத் தீர்மானிப்பது அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. அதைத்தான் 'டிபோல்ட்' என்கிறார்கள்.

கேஷ் என்பதும் தொடர் வினவல் என்பதும்

முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வோம். பெரிய கடையொன்றின் பொருட்களெல்லாம் பின்னால் உள்ள களஞ்சியத்தில் இருக்கும். அடிக்கடி விற்பனையாகும் சீனி, மா, சவர்க்காரம் போன்றவற்றை மட்டும் கடைக்காரர் முன் தட்டில் எடுத்து வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் களஞ்சியத்துக்குப் போய்வர வேண்டியதில்லை. கணினிகளிலும் இப்படித்தான். முழுத் தரவும் பெரிய தரவுத்தளத்தில் இருக்க, அடிக்கடி தேவைப்படுபவை மட்டும் விரைவாக எடுக்கக்கூடிய நினைவகத்தில் வைக்கப்படும். இந்த முன் தட்டுக்குப் பெயர் கேஷ். பணத்தைக் குறிக்கும் கேஷ் அல்ல இது. ஒதுக்கிவைத்தல் என்ற பொருளில் வருவது. ரெடிஸ், அப்பாச்சி இக்னைட், அப்பாச்சி ஜியோட், ஒராக்கிள் நிறுவனத்தின் கோஹியரன்ஸ் என்பன இந்த வேலைக்குப் பயன்படும் பிரபலமான மென்பொருட்கள். சீன ரயில்வேயின் பயணச்சீட்டுத் தளம், ஜியோட் எந்த மென்பொருளிலிருந்து பிறந்ததோ அந்த ஜெம்பயரின் மீது இயங்கியது.

இனித் தொடர் வினவல். "அண்ணை, மண்ணெண்ணெய் வந்திட்டுதோ?" என்று நாளுக்கு நாலு தரம் கடைக்குப் போய்க் கேட்பது சாதாரண வினவல். "வந்தால் ஒருக்காச் சொல்லி விடுங்கோ" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு வீட்டில் இருப்பது தொடர் வினவல். கேட்பவருக்கு அலைச்சல் இல்லை. கடைக்காரருக்கும் தொல்லை இல்லை. ஆனால் இந்த ஒப்பந்தத்தில் பேசப்படாத விடயங்கள் நிறைய இருக்கின்றன. நான் சொல்லும்போதே கடையில் மண்ணெண்ணெய் இருந்தால் சொல்வாரா, இனிமேல் வந்தால் மட்டும்தான் சொல்வாரா? அவர் ஆள் அனுப்பியபோது நான் வீட்டில் இல்லாவிட்டால்? வந்தது தீர்ந்துவிட்டால் அதையும் சொல்வாரா?

கணினியில் இந்தக் கேள்விகளுக்குக் கட்டாயம் ஒரு பதில் இருந்தே தீரும். நிரலாளர் பதில் சொல்லாவிட்டால் டிபோல்ட் பதில் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அப்படியான ஒரு குளத்துக்கு இளைஞர்கள் சிலர் சேர்ந்து எச்சரிக்கைச் செயலி ஒன்றைச் செய்கிறார்கள் என்று கற்பனை செய்வோம். நீர்மட்ட அளவுகள் ஒரு கேஷுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. "நீர்மட்டம் 34 அடியைத் தாண்டினால் அறிவி" என்பது தொடர் வினவல். கேட்க மிக இலகுவாக இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப் பார்ப்போம்.

முதற் கேள்வி: நிலவரமா, மாற்றமா?

செயலியை ஒருவர் இரவு 9 மணிக்குத் திறக்கிறார். நீர்மட்டம் 8 மணிக்கே 35 அடியைத் தொட்டுவிட்டது. அதன் பின்னர் புதிய அளவு எதுவும் வரவில்லை. அவருக்கு எச்சரிக்கை வருமா?

இக்னைட்டில், தொடர் வினவலோடு 'ஆரம்ப வினவல்' ஒன்றையும் இணைக்கலாம். அது அந்த நேரத்து நிலவரத்தைத் தரும். ஆனால் அது கட்டாயமில்லை. இணைக்காவிட்டால் இனி நடக்கும் மாற்றங்கள் மட்டுமே வரும். ஜியோட்டில் இதற்கு இரண்டு தனித்தனிக் கட்டளைகள் உண்டு: ஒன்று மாற்றங்களை மட்டும் கேட்பது, மற்றது ஆரம்ப நிலவரத்தோடு சேர்த்துக் கேட்பது. தகவல்களை வரிசையாகக் கடத்தும் கப்காவிலும் புதிதாக இணையும் வாசகர், எதையும் மாற்றாவிட்டால், இணைந்த கணத்துக்குப் பின்னர் வருபவற்றை மட்டுமே பெறுவார். ஆக, பொதுவான டிபோல்ட் "இனிமேல் வருவது மட்டும்" என்பதே.

அதற்கு நியாயமும் இருக்கிறது. கேஷில் கோடிக்கணக்கான பதிவுகள் இருந்தால், இணைகின்ற ஒவ்வொருவருக்கும் முழு நிலவரத்தையும் அனுப்புவது சேவையகத்தைத் திணறடிக்கும். ஆனால் குளத்தின் நீர்மட்டம் கோடிப் பதிவு அல்ல, ஒரேயோர் எண். இங்கு அந்த டிபோல்டை அப்படியே விட்டுவிட்டால், 9 மணிக்குச் செயலியைத் திறந்தவர் அமைதியான திரையைப் பார்த்துவிட்டு நித்திரைக்குப் போவார்.

சரி, நிலவரத்தையும் எடுப்போம் என்று முடிவு செய்தால், அடுத்து ஒழுங்கு பற்றிய கேள்வி வருகிறது. முதலில் பட்டியலை வாசித்துவிட்டுப் பின்னர் மாற்றங்களுக்குப் பதிவு செய்தால், இரண்டுக்கும் இடையிலான சிறு இடைவெளியில் நடந்தது தவறிவிடும். முதலில் பதிவு செய்துவிட்டுப் பின்னர் பட்டியலை வாசித்தால் எதுவும் தவறாது. ஆனால் சில தகவல்கள் இரண்டு தரம் வரும். இரண்டில் எது சிறந்தது? இரண்டு தரம் வந்த எச்சரிக்கை எரிச்சலூட்டும், அவ்வளவுதான். ஒரு தரமும் வராத எச்சரிக்கையால் உயிர் போகலாம். அத்துடன் இரட்டிப்பை நிரல் அடையாளம் கண்டு நீக்கிவிடலாம். வராததை அடையாளம் காண்பது நிரலுக்கு அவ்வளவு இலகுவல்ல. பார்வைக்குத் தெரியும் பிழையை, பார்வைக்குத் தெரியாத பிழையைவிட விரும்பித் தெரிவு செய்வதுதான் நல்ல டிபோல்ட்டின் முதல் இலக்கணம்.

இரண்டாம் கேள்வி: தொடர்பு அறுந்தால்?

மழை பெய்யும்போதுதான் வெள்ள எச்சரிக்கை தேவை. மழை பெய்யும்போதுதான் மின்சாரமும் இணையமும் போகும். எனவே தொடர்பு அறுவதை அரிதான விபத்தாகக் கருத முடியாது. அது நிச்சயம் நடக்கப்போகும் விடயம்.

ரெடிஸின் அறிவித்தல் முறை அனுப்பிவிட்டு மறந்துவிடும் வகையைச் சேர்ந்தது. கேட்பவர் தொடர்பில் இல்லாத பத்து நிமிடத்தில் வந்தவை அவருக்குப் பின்னர் ஒருபோதும் கிடைக்காது. ஜியோட்டில் 'நிலைத்த வாடிக்கையாளர்' என்று முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால், தொடர்பு அறுந்த பின்னரும் சேவையகம் அவருக்குரிய செய்திகளைச் சேர்த்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம்? டிபோல்ட் 300 விநாடிகள், அதாவது ஐந்து நிமிடம். தரவு மையத்துக்குள் இருக்கும் கணினிகளுக்கு ஐந்து நிமிடம் தாராளம். மாரி மழையில் தொலைத்தொடர்புக் கோபுரம் படுத்துவிட்ட கிராமத்துக்கு அது எம்மாத்திரம்?

பெரிய கணினித் தொகுதிகளை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் என்ற மென்பொருள் இதற்கு நேர்மையான ஒரு வழியைக் கையாளுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிப்பு அடையாளம் உண்டு. தொடர்பு அறுந்து மீண்டு வருபவர், தான் கடைசியாகப் பார்த்த பதிப்பைச் சொல்லி அதிலிருந்து தொடரலாம். அந்த இடம் மிகப் பழையதாகி, இடைப்பட்ட வரலாறு சேவையகத்தில் அழிந்துவிட்டால், 410 என்ற எண்ணோடு ஒரு பதில் வரும். இடையில் உள்ளவை இனி இல்லை, முழுப் பட்டியலையும் மீண்டும் எடுத்துத் தொடங்கு என்பது அதன் கருத்து. எல்லாவற்றையும் எக்காலத்துக்கும் சேமித்து வைக்க அதனாலும் முடியாது. ஆனால் தவறவிட்டதை மறைக்காமல், தவறவிட்டுவிட்டாய் என்று சொல்லிவிடுகிறது.

தொடர்பு அறுந்திருக்கும்போது கையில் உள்ள பழைய தரவை என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. கோஹியரன்ஸில் இதற்கென ஒரு நேர எல்லையை அமைக்கலாம். அது சுழியமாக இருந்தால், தொடர்பு இல்லாதபோது உள்ளூர்ப் பிரதியைப் பயன்படுத்த முடியாது. அதைக் கூட்டினால் அந்த நேரம்வரை பழைய பிரதியை வாசிக்கலாம். வங்கி மீதியென்றால் பழைய எண்ணைக் காட்டாமல் விடுவதே நல்லது. குளத்து நீர்மட்டமென்றால் பழைய எண்ணும் பயன்தான். ஆனால் அது எத்தனை மணிக்குரிய எண் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

மூன்றாம் கேள்வி: உடனடியாகவா, சேர்த்தா?

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக அனுப்பினால் செலவு அதிகம். பஸ் நிறைந்த பின்னர் புறப்படுவதுபோல, பலவற்றைச் சேர்த்து அனுப்பினால் செலவு குறையும். இக்னைட்டின் டிபோல்ட் பஸ்ஸில் ஓர் இருக்கைதான் உண்டு: ஒரு மாற்றம் ஏறியவுடன் புறப்பட்டுவிடும். இன்னோர் அமைப்பும் இருக்கிறது. பஸ் நிறையாவிட்டாலும் இத்தனை நேரத்தில் புறப்பட வேண்டும் என்ற நேர எல்லை அது. அதன் டிபோல்ட் சுழியம். சுழியம் என்றால் உடனே புறப்படு என்று பொருளல்ல. நேரத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று பொருள்.

இரண்டு டிபோல்ட்டுகளும் சேர்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரு நிரலாளர் செலவைக் குறைக்கலாம் என்று இருக்கைகளை மட்டும் 100 ஆக்குகிறார்; நேர எல்லையைத் தொடவில்லை. இப்போது முதலாவது எச்சரிக்கை ஏறி அமர்ந்து, மற்ற இருக்கைகளும் நிரம்பும்வரை காத்திருக்கும். நிரம்பாவிட்டால் புறப்படவே மாட்டாது. தனித்தனியே பார்த்தால் நியாயமாகத் தெரியும் டிபோல்ட்டுகள், ஒன்றை மாற்றும்போது மற்றது பொறியாக மாறும் விதம் இதுதான். ஒன்றை மாற்றினால் மற்றதையும் கேட்டுப் பெறும் வகையில், அல்லது குறைந்தபட்சம் எச்சரிக்கும் வகையில் வடிவமைப்பதே பொறுப்பான செயல்.

மறுபக்கமும் இருக்கிறது. வாசகர் மெதுவானவராக இருந்தால்? ரெடிஸில், அறிவித்தல் பெறும் ஒருவருக்காகத் தேங்கும் செய்திகள் 32 மெகாபைட்டைத் தாண்டினால், அல்லது 8 மெகாபைட்டுக்கு மேல் தொடர்ந்து 60 விநாடிகள் தேங்கி நின்றால், அவரது தொடர்பு துண்டிக்கப்படும். கொடுமையாகத் தெரியலாம். ஆனால் ஒருவருக்காகக் காத்திருந்து சேவையகம் முழுவதும் விழுந்தால் எல்லோருக்கும் இழப்பு. துண்டிக்கப்பட்டவருக்குத் தான் துண்டிக்கப்பட்டது தெரியும் என்பதால், அவர் மீண்டும் இணைந்து நிலவரத்தைக் கேட்கலாம். இது கடுமையான டிபோல்ட்தான், ஆனாலும் மறைவாக எதையும் செய்வதில்லை.

நான்காம் கேள்வி: முடிந்ததை யார் சொல்வது?

"34 அடியைத் தாண்டினால் அறிவி" என்றோம். நீர்மட்டம் 33 அடிக்கு இறங்கினால் அறிவிப்பு வருமா? ஜியோட்டில் வரும்: நிபந்தனைக்குள் இருந்த பதிவு வெளியேறும்போது, பட்டியலிலிருந்து நீங்கியது என்று அது சொல்லும். இக்னைட்டில் வடிகட்டியை நாமே எழுத வேண்டும். புதிய அளவை மட்டும் பார்க்கும் வடிகட்டியை எழுதினால், 33 அடி அதைக் கடந்து வராது. அபாயம் நீங்கியது என்ற செய்தி யாருக்கும் போகாது. மக்கள் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகளோடு காத்திருப்பார்கள்.

காலாவதி இன்னும் நுணுக்கமானது. கேஷில் உள்ள தகவல்களுக்கு ஆயுள் குறிக்கலாம். குளத்து உணர்கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பழைய அளவு அழியட்டும் என்று வைப்போம். கருவி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, அளவு காலாவதியானது. இக்னைட்டில் காலாவதிச் சம்பவங்கள் டிபோல்ட்டாகத் தொடர் வினவலுக்கு வருவதில்லை. ரெடிஸில் அவ்வாறான அறிவித்தல் உண்டு. ஆனால் ஆயுள் முடிந்த கணத்தில் அல்ல, அந்தப் பதிவு உண்மையில் நீக்கப்படும் கணத்தில்தான் அது எழும். இரண்டுக்கும் இடையே தாமதம் இருக்கலாம். அதைவிட முக்கியம், ரெடிஸில் இவ்வகை அறிவித்தல்கள் அனைத்தும் டிபோல்ட்டாக அணைக்கப்பட்டே இருக்கின்றன. அவை செயலியின் ஆற்றலில் சிறிதளவை எடுக்கும் என்பதே காரணம். அணைக்கப்பட்டிருப்பது தெரியாமல் ஒருவர் கேட்கப் பதிவு செய்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பதிவு வெற்றி என்றே வரும். அதன் பின்னர் வெறும் மௌனம்.

தொடங்கியதைச் சொல்லும் ஏற்பாடு இருந்து, முடிந்ததைச் சொல்லும் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, கேஷோடு சம்பந்தப்படாத ஆனால் இதே பாடத்தைச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 2018 ஜனவரி 13ஆம் திகதி ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை மக்களின் தொலைபேசிகளுக்குப் போனது. தவறு என்று அதே வழியில் திருத்தம் போய்ச்சேர 38 நிமிடங்கள் ஆயின. தவறான எச்சரிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது என்ற நடைமுறையை எவரும் முன்கூட்டி வகுத்திருக்கவில்லை. குண்டுக்குப் பதுங்கு குழிக்குள் இருந்தவர்களுக்கு 38 நிமிடம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

நல்ல டிபோல்ட் என்பது எது?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. டொலர் விகிதம் காட்டும் பலகைக்கு இடையில் வந்த பத்து விகிதங்கள் தவறினாலும் பரவாயில்லை. கடைசி விகிதம் சரியாக இருந்தால் போதும். பணப் பரிமாற்றத்தில் ஒன்றுகூடத் தவறக்கூடாது, ஒன்றுகூட இரண்டு தரம் கணக்கில் ஏறவும் கூடாது. எச்சரிக்கையில் இரண்டு தரம் வரலாம், தவறக்கூடாது.

ஆயினும், கையேட்டை வாசிக்க நேரமில்லாத ஒருவர் என்ன நடக்கும் என்று இயல்பாக எதிர்பார்ப்பாரோ, அதற்கு மிக அருகில் டிபோல்ட் இருக்க வேண்டும். "34 அடியைத் தாண்டினால் சொல்" என்று கேட்டவர், இப்போதே தாண்டியிருந்தாலும் சொல்லப்படும், இறங்கினாலும் சொல்லப்படும், சொல்ல முடியாத நிலை வந்தால் அதுவும் சொல்லப்படும் என்றே நம்புவார். வேகத்துக்காகவோ செலவுக்காகவோ இவற்றில் ஒன்றைக் கைவிட வேண்டுமானால், அதை நிரலாளர் தெரிந்தே, தன் கையாலே கைவிடச் செய்ய வேண்டும். பாதுகாப்பைத் தேடி எடுக்கும்படியும் ஆபத்து தானாக வரும்படியும் வைப்பது தலைகீழான ஒழுங்கு.

வடக்கு கிழக்கில் இன்று கணினித்துறையில் இறங்கும் இளைஞர்களும், நிவாரணப் பட்டியல்களையும் அனர்த்த அறிவித்தல்களையும் கணினிமயமாக்கும் நிறுவனங்களும் மேற்சொன்ன மென்பொருட்களைப் புதிதாக உருவாக்கப்போவதில்லை. வேறொரு நாட்டில், அறாத மின்சாரத்தையும் அறாத இணையத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவற்றையே எடுத்துப் பயன்படுத்துவார்கள். அவற்றோடு அந்த நாட்டின் அனுமானங்களும் டிபோல்ட் வடிவில் சேர்ந்தே வருகின்றன. ஆகவே, அப்படியொரு செயலியைச் செய்பவரிடமோ விற்பவரிடமோ சில கேள்விகளைக் கேட்க எவருக்கும் கணினி அறிவு தேவையில்லை. தாமதமாக இணைபவருக்கு என்ன தெரியும்? ஒரு நாள் முழுவதும் தொடர்பு அறுந்தால், மீளும்போது என்ன வரும்? முடிந்ததையும் நீக்கியதையும் சொல்லுமா? தகவல் தரும் கருவியே செத்துவிட்டால் திரை எப்படி இருக்கும்? கடைசிக் கேள்விக்கு "முன்னர் இருந்த மாதிரியே இருக்கும்" என்பது பதிலானால் அந்தச் செயலியை நம்பி ஊரை விடக்கூடாது.

இதற்கான மருந்து விலை உயர்ந்ததும் அல்ல. எதுவும் நடக்காதபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு சிறு துடிப்பை அனுப்பச் செய்யலாம். அந்தத் துடிப்பு நின்றால் திரையின் நிறம் மாறி "10.40 மணிக்குப் பின்னர் தகவல் இல்லை" என்று எழுதிக் காட்டலாம். இவ்வளவு செய்தாலே, அமைதியாக இருக்கிறது என்பதையும் தெரியவில்லை என்பதையும் மக்களால் பிரித்தறிய முடியும். பயன்படுத்தும் எம் பக்கத்தில் செய்யக்கூடியது இன்னும் எளிது: எந்த எண்ணைப் பார்க்கும்போதும் அதன் பக்கத்தில் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். நேரம் இல்லாவிட்டால், அந்த எண்ணை நம்பி ஆற்றைக் கடக்க வேண்டாம்.